எண்பதில் வரும் முனகல்

பட்டறை என்றால் கிரீஸும் கரியும் அப்பிக் கிடக்கும் என்று நினைத்து வருகிறவர்கள், இந்த மெக்கானிக்கின் வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் தயங்குவார்கள். கழற்றிய எந்தப் பாகத்தையும் டீசலில் கழுவி, துணியால் துடைத்துத்தான் திரும்ப மாட்டுவார். 'ஆஸ்பத்திரி' என்பது அவருடைய பட்டப்பெயர். நிஜ ஆஸ்பத்திரி அவ்வளவு சுத்தமில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு வேலையை இரண்டாம் முறை செய்ததில்லை என்று அவர் சொல்வார். சொல்வதற்கு அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஆகவே, வேன் ஓட்டும் பெண்மணி வந்து, "எண்பதத் தொட்டா அடியில ஏதோ முனகுதுண்ணே" என்றபோது அவர் எழுந்துகூடப் பார்க்கவில்லை.

"ரோடு சத்தம்மா அது. டயர்ல காத்தப் பாரு."

அந்த வேனுக்கு அடியில் ஓடும் ஷாஃப்ட்டைத் தாங்குகிற நடு பேரிங்கை மாற்றிக் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தன் கை பட்ட இடத்திலிருந்து சத்தம் வரும் என்று அவர் எப்படி நினைப்பார்?

அவள் காற்றடித்துப் பார்த்தாள். முனகல் போகவில்லை. அண்ணன் சொன்னதை மனசு நம்பியது, கால் நம்பவில்லை. ஐம்பதுக்கு மேல் மிதிக்க மறுத்தது. வாரம் மூன்று நாள் அந்த வேனில் ஆறு சிறுநீரக நோயாளிகள், எழுபது கிலோமீட்டர் தள்ளி டயாலிசிஸுக்குப் போகிறவர்கள். நேரம் தவறினால் மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும். போன திங்கட்கிழமை அப்படித்தான் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு மெஷின் கிடைக்கவில்லை. மறுநாள் காலை மூச்சு முட்டி வார்டில் சேர்த்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, "உங்களக் குறை சொல்ல வரலண்ணே. ஒரு தடவ என்கூட வந்து கேளுங்க" என்றாள்.

போனார். புறவழிச் சாலையில் முள் எண்பதைத் தொட்டதும் அடியில் ஆரம்பித்தது.

"நியூட்ரலுக்குத் தள்ளும்மா."

எஞ்சின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. அப்படியானால் எஞ்சின் இல்லை. வண்டியை இடமும் வலமும் லேசாக ஒடிக்கச் சொன்னார். சத்தம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சக்கர பேரிங்கும் இல்லை. மிச்சம் இருந்தது பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் நீண்ட ஷாஃப்ட்தான். அவர் கையாலேயே கழற்றி மாட்டியது.

பட்டறைக்கு வந்து வேனுக்கு அடியில் படுத்தார். அந்த ஷாஃப்ட் இரண்டு துண்டு; நடு பேரிங்கை மாற்ற அதைப் பிரித்தாக வேண்டும். பிரிப்பதற்கு முன் இரண்டிலும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துக்கொண்டால்தான் பழையபடியே பொருத்த முடியும். இணைப்பில் ஒரு பல் தள்ளிப்போனாலும் வேகத்தில் உதறும். கோடு இழுத்தது நினைவிருந்தது. பிறகு வழக்கம்போலப் பளபளவென்று கழுவியதும் நினைவுக்கு வந்தது. ஷாஃப்ட் இன்னும் பளபளத்தது. ஒரு பல் தள்ளியிருந்தது.

சரிசெய்ய அரைமணி நேரம் பிடித்தது. அதன் பிறகும் கால்மணி நேரம் அடியிலேயே கிடந்தார். 'பேரிங் மட்டமான சரக்கு' என்று ஒரு வார்த்தை போதும், அவள் நம்புவாள். அவளுக்குத் தெரிந்தது அவருடைய பாதங்கள் மட்டும்தான்.

வெளியே வந்து, "நான்தான் தப்பா மாட்டிட்டேன். போட்ட கோட்ட நானே கழுவிட்டேன்" என்றார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

"இத அவர்கிட்டயே சொல்லுங்கண்ணே."

வார்டில் தபால்காரர் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். மெக்கானிக் இரண்டு கைகளையும் முறுக்கிக் காட்டி, ஷாஃப்ட் எப்படி மாறிப்போனது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். அது பெரியவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அப்ப சத்தம் நிஜமாவே வந்துச்சா தம்பி?"

"வந்துச்சு சார்."

"முதல்ல சொன்னதே நான்தான். கடைசி சீட்டு, என் காலுக்கு அடியில. கூட வர்ற அஞ்சு பேரும் சிரிச்சாங்க. காது டாக்டர்கிட்ட காட்டணும்னு எம் மருமக நாள் குறிச்சுட்டா." மூச்சு வாங்க நிறுத்தினார். "நாலு மணிக்கு வருவா. அவகிட்டயும் இதே மாதிரி கையக் காட்டிச் சொல்லுங்க."

மணி இரண்டேகால். மெக்கானிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.