கண்டம் ஆன தண்ணி

என் தம்பிக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறது, ஐந்து வயது தாண்டும்வரை ஆறு குளம் பக்கம் விடவேண்டாம் என்று உத்தமபாளையத்து ஜோசியர் ஒருவர் சொல்லிவிட்டார். முல்லையாறும் வாய்க்காலும் கிணறுகளுமாகக் கிடக்கிற கம்பம் பள்ளத்தாக்கில் இது லேசான காரியமில்லை. ஊரே சுருளி அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வரும், நாங்கள் போனதில்லை. வீட்டில் அரை வாளித் தண்ணீரில் குளிப்பாட்டும்போதுகூட அம்மா ஒரு கையால் அவன் முடியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். பயப்படுவது அப்போதே எனக்குக் கைவந்த வேலை. பள்ளிக்கூடம் கிளம்பும்போது தண்ணீர்த்தொட்டி மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பேன்.

அப்பா ஜீப் ஓட்டினார். ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறுவார். பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிடும். சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். பனிமலை முகாம் ஒன்றில் வண்டிப் பிரிவில் வேலை. அந்த முறை விடுமுறைக்கு வந்தபோது ஒரு பச்சைக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னடா இது, சர்பத்து கணக்கா இருக்கு?" என்றார் அப்பா, மூடியைத் திறந்து பார்த்து.

"கூலண்ட்டுண்ணே. அங்கன வெறும் தண்ணி ஊத்துனா உறைஞ்சு இஞ்சின் வெடிச்சுப்போகும். இதை ஊத்துனா உறையாது. இங்கன ஏத்தத்துல கொதிக்கவும் செய்யாது. கண்டம் ஆன தண்ணிதான், நம்ம வண்டிக்குத் தாங்கும்."

நான் தம்பியைக் கேனிடமிருந்து இழுத்துக்கொண்டேன். "தம்பிக்குத் தண்ணியிலதான கண்டம், சித்தப்பா?"

வீடே சிரித்தது. "ஆத்தா, இது இங்கிலீசு கண்டம், பட்டாளத்துல 'கண்டெம்'னு சொல்லுவாக. தேஞ்ச டயரு, பிஞ்ச பூட்ஸு, எதையும் இனி ஆகாதுன்னா கண்டம்னு எழுதித் தள்ளிருவாக. உன் ஜோசியரு கண்டம் வேற."

பிறகு முகாமின் ஒழுங்கைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். பழைய ஆயிலுக்கு ஒரு டிரம், செத்த பேட்டரிக்கு ஒரு கொட்டகை, வண்டியிலிருந்து இறக்கிய இந்தத் தண்ணீருக்குத் தனி டிரம். கம்பெனிக்காரன் எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து மறுபடி தருவானாம். "ஒரு சொட்டு மண்ணுல விழக் கூடாது. விழுந்துச்சு, சுபேதாரு தோலை உரிச்சிருவாரு."

"அம்புட்டு விலையாக்கும்?" என்றாள் அம்மா.

"பின்னே? சும்மாவா மதினி சொட்டுச் சொட்டாப் பிடிச்சு வைப்பாக?"

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கேனின் மூடியைத் திருகிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

கூலண்ட் ஊற்றியபின் ஜீப் நிற்காமல் மெட்டு ஏறியது. சித்தப்பாவுக்கு வீட்டில் கோழிக் குழம்பு. சில நாளில் ரேடியேட்டர் ஹோஸ் கசிய ஆரம்பித்தது. வெறும் தண்ணீர் ஓடிய காலத்தில் இப்படி வந்தால் அப்பா அடியில் திறந்து மண்ணில் ஓடவிட்டுவிடுவார். இந்த முறை அம்மாவிடம் அலுமினியச் சட்டி கேட்டு வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் பிடித்து, பத்திரமாக ஜீப்புக்கு அடியிலேயே வைத்துவிட்டு, சித்தப்பாவோடு ஹோஸ் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தம்பி வாசலில் தள்ளாடித் தள்ளாடி நடந்து கொண்டிருந்தான். தானாகச் சிரித்தான். கையில் ஒரு டம்ளர். அதே நேரத்துக்கு அப்பாவும் சித்தப்பாவும் வந்தார்கள்.

"ஏலே, என்னடா இது, பட்டாளத்து நடையா நடக்குற?" என்றார் சித்தப்பா.

"நீ கொண்டுவந்த ரம் பாட்டில்ல வாயை வச்சுட்டானா பாருடா!" என்றார் அப்பா.

சித்தப்பா உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ரம் பாட்டில் சீல் உடையாமல் இருந்தது. எல்லோருக்கும் உயிர் வந்தது. தொட்டி மூடியிருக்கிறதா என்று நான் போய்ப் பார்த்தேன், மூடியிருந்தது. அப்பா ஜீப்புக்கு அடியில் குனிந்து, "எங்கனயோ சிந்திருச்சுடா, சட்டியில குறையுது" என்று வருத்தப்பட்டார். புது ஹோஸை மாட்டி, மிச்சத்தை ரேடியேட்டரில் ஊற்றினார்.

இருட்டுவதற்குள் வாந்தி தொடங்கியது. கம்பத்தில் காட்டினோம். மூத்திரம் பிரியவில்லை என்று அங்கிருந்து தேனிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். அங்கே டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பூச்சி மருந்தா, எலி மருந்தா, மண்ணெண்ணெயா? இல்லை, இல்லை என்றார் அப்பா. "வீட்டுல வண்டி இருக்கா? ரேடியேட்டர்ல ஊத்துற பச்சைத் தண்ணி? அது இனிக்கும், பிள்ளைங்க குடிச்சிரும். கிட்னியைக் கொன்னுரும்."

"அதுக்குத்தானா?" என்றார் சித்தப்பா. யாரிடம் கேட்கிறார் என்று தெரியவில்லை. "ஒரு சொட்டு மண்ணுல விழக் கூடாதுன்னு அதுக்குத்தானா சொன்னாக?"

தம்பியைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தோம். அந்த வருடத்தோடு அம்மா என் படிப்பை நிறுத்திவிட்டாள். என்னைக் கண்ணுக்கு மறைவாக அனுப்ப அவளால் முடியவில்லை. இன்றைக்கும் நான் எந்தப் பாட்டிலையும் மோந்து பார்க்காமல் வைப்பதில்லை. என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அவனைப் புதைத்த மறுநாள் காலை சித்தப்பா ஜீப்பை நாலடி தள்ளினார். ரேடியேட்டரில் இருந்ததையெல்லாம் அந்தப் பச்சைக் கேனில் பிடித்து மூடினார். பிறகு வண்டி நின்ற இடத்தில் மண்டிபோட்டு, ஈரம் இருந்த இடமெல்லாம் உள்ளங்கையால் தடவித் தடவி மண்ணை அள்ளி யூரியாச் சாக்கில் போட்டார். அம்மா உள்ளே அலறிக்கொண்டிருந்தாள். அவர் நிமிரவில்லை. நகக்கண்ணெல்லாம் ரத்தம். அலுமினியச் சட்டியையும் சாக்கில் போட்டு வாயைக் கட்டினார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை போய்விட்டான், இந்த நேரத்திலும் ஒரு சொட்டை விட மனசு வரவில்லையே, அம்புட்டு விலையா அது என்று அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.