அப்பா தள்ளிய சைக்கிள்

இன்றைக்கும் யாராவது பின்னாலிருந்து என் முதுகில் கை வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போம்மா" என்று லேசாகத் தள்ளினால்கூடத் திரும்பி முறைப்பேன். இதற்கெல்லாம் காரணம் என் அப்பா.

அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், அப்பாவுக்கு இளநீர்க் கடை. எங்கள் பி.டி. டீச்சர் யாரிடமோ ஒரு கியர் சைக்கிளை இரவல் வாங்கி வந்து, ஜவ்வாது மலையில் நடக்கப்போகும் போட்டிக்கு என் பேரைக் கொடுத்துவிட்டார். அடிவாரத்திலிருந்து உச்சி வரை மண்ணும் கல்லுமான காட்டுப்பாதை, முழுக்க ஏற்றம். பெண்களில் முதலில் வருகிறவளுக்குப் புது கியர் சைக்கிள் பரிசு. தோற்றால் இரவலை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ரேஸாவது மலையாவது, எல்லாம் அதோடு சரி. கடை வருமானத்தில் அப்படி ஒரு சைக்கிள் வாங்க வழியே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பரிசு என்னுடையதுதான் என்று முடிவுகட்டி, அதை வீட்டில் எந்த மூலையில் நிறுத்துவது என்பது வரை யோசித்து வைத்திருந்தேன்.

போட்டியன்று காலையில் அப்பா மொபெட்டில் வந்தார். கூடவே எனக்காக ஒரு இளநீரும் அதைச் சீவ அரிவாளும். "வழியில தண்ணி பாட்டில் குடுக்கலாம். ஆனா ஓட்டுறவங்களை யாரும் தொடக்கூடாது, தொட்டா அவுட்" என்று போட்டி நடத்துகிறவர்கள் மைக்கில் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், அவர் வண்டிக்கு நிழல் தேடிக்கொண்டிருந்தார்.

பாதி மலைக்குள் என் தொடை இரண்டும் எரிந்தன. எனக்கு முன்னால் ஒரே ஒரு பெண்தான், வெளியூர்க்காரி, நல்ல உயரம். அவளுடைய கோச் ஜீப்பில் அவளை ஒட்டியே வந்தார். ஒரு செங்குத்தான இடத்தில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அவளும் பிடித்தாள், அவரும் பிடித்தபடியே இருந்தார். ஜீப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவர் கையை எடுத்தபோது அவள் என்னைவிட்டு வெகுதூரம் போயிருந்தாள். எனக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்படியும் விடவில்லை. கடைசி வளைவுக்கு முன்னால் அவள் மூச்சிரைப்பது என் காதில் விழும் அளவுக்கு நெருங்கிவிட்டேன். அவளிடம் தெம்பு மிச்சமில்லை, என்னிடம் இருந்தது. வளைவு தாண்டி ஒரே மூச்சில் மிதிக்கலாம் என்று கியரைக் குறைத்து மெதுவாக ஏறினேன். அந்த வளைவில்தான், முன்னதாகவே மேலே வந்து, எங்கள் ஊர்க்காரர்களோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தீபத்துக்குப் பெரிய தேர் வரும்போது, வீதி மூலையில் அது திரும்பாமல் நின்றால் முதலில் தோள் கொடுக்கும் ஆள் அவர். நிற்கிறதைத் தள்ளாமல் வேடிக்கை பார்ப்பது எங்கள் ஊரில் பாவம்.

"தள்ளுங்கப்பா" என்றார். முதுகில் ஒரு கை, சீட்டில் ஒரு கை. பக்கத்தில் நின்றவர்களும் புண்ணியம் தேடி ஓடி வந்தார்கள்.

"விடுப்பா" என்று அலறினேன்.

"பயப்படாத பாப்பா, நான் இருக்கேன்."

பறந்தேன். அவளைத் தாண்டி முதல் ஆளாக உச்சிக்குப் போனேன். போனதும் விசில் ஊதி என்னை ஓரமாக நிற்கவைத்தார்கள்.

அப்பா மூச்சிரைக்க ஓடிவந்து நடுவரிடம் மல்லுக்கு நின்றார். "புள்ள ஏற முடியாம தவிக்குதுங்க. பெத்தவன் கையைக் கட்டினு பாத்துனு இருக்கணுமா?"

"ரூல்ஸ்ங்க. மைக்ல சொன்னோமே" என்றார் நடுவர்.

"விடுங்க சார், பாவம், விவரம் தெரியாதவங்க" என்று எங்களுக்காகப் பரிந்து பேசினார் அந்த ஜீப் கோச். புது சைக்கிள் அவருடைய ஜீப்பில் ஏறியது.

அப்பா இளநீரைச் சீவி நீட்டினார்.

"யாரு உன்ன தள்ளச் சொன்னது? நான் நிக்கல. ஏறினுதான் இருந்தேன்."

"நின்ன மாதிரி இருந்துச்சு பாப்பா."

அந்த இளநீரை நான் தொடவே இல்லை. அவரும் குடிக்கவில்லை. ஒரு பாறைமேல் அப்படியே வைத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் இரவல் சைக்கிளும் போய்விட்டது. அந்த வருஷம் தேர் பார்க்க நான் போகவில்லை. அப்பா தள்ளியிருப்பார், வேறென்ன.

போன மாதம் செல்போனில் ஏதோ வெளிநாட்டு மலைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தேன். காரிலிருந்து ஒருவர் பாட்டில் நீட்டினார், ஓட்டுகிறவன் அதைப் பிடித்தான், இருவருமே விடவில்லை. இது பழைய தில்லாலங்கடி வேலை, பாட்டிலைச் சாக்காக வைத்து கார் அவனை மேலே இழுத்துக்கொண்டு போகிறது என்று வர்ணனைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. எங்களுக்காகப் பரிந்து பேசினானே, அந்த மனுஷன். அன்றைக்கு என்னோடு ஏறிய அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். எல்லாரையும்விட நன்றாகப் பார்த்தவள் நான்தான், அவளுக்கு நேர் பின்னால் இருந்தேன். அப்பா மேல் உள்ள கோபமும் தீரவில்லை. அது வேறு கணக்கு.

ஆனால் அந்த ஏற்றத்தில், நாக்கு வறண்டு மிதித்துக்கொண்டிருந்தபோது நான் நினைத்தது வேறு. பாட்டிலைக் கொடுத்த பிறகும் கையை எடுக்க அவருக்கு மனசே வரவில்லையே, அவள்மேல் எவ்வளவு பாசம் இருக்க வேண்டும், நமக்கு இப்படி யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.