வரிசையை வெறுத்த ஹமீது மாஸ்டர்

கற்பிட்டித் துறையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. புத்தளத்து வள்ளத்திலிருந்து இறங்கிய பழைய மாணவன் ஒருவன் என்னைக் கண்டதும் கிட்ட வந்து, "சேர், எங்கட ஹமீது மாஸ்டர் மௌத்தாகிட்டார்" என்றான். மீனை அங்கேயே விட்டுவிட்டுப் புறப்பட்டேன். போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மையவாடி வாசலில் எங்கள் பாடசாலை மனேஜர் நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய கொடைவள்ளலை இழந்துட்டம்" என்றார். நாற்பதாம் நாள் பாடசாலை மைதானத்துக்கு ஏழைகளை வரவழைத்து, மேல்வகுப்பு மாணவர்கள் கையால் புடவை கொடுக்கப் போகிறார்களாம். அரசாங்கக் கச்சேரியிலிருந்து துரையும் வருவாராம். எல்லாம் ஹமீது மாஸ்டரின் ஞாபகார்த்தமாக!

அவரை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், கோபத்தோடுதான் எழுதுகிறேன். அவர் கணக்குப் படிப்பித்தார், நான் தமிழ். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அவர் கொடைவள்ளல் அல்ல. கொடுப்பதற்கு அவரிடம் ஒரு பழைய கோட்டும் குடையும் தவிர என்ன இருந்தது? அவர் செய்த வேலைக்கு இப்படி ஒரு பெயரை வைத்து அதை மூடிவிடப் பார்க்கிறார்கள்.

மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராகச் சாய்த்த வருஷத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் மைதானத்தில் கஞ்சியும் கொயினா மருந்தும் கொடுத்தார்கள். கனமூலைக் கிராமத்துப் பக்கமிருந்து சட்டியோடு வந்த சனங்கள் உச்சி வெயிலில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஒருநாள் ஒரு மனுசன் வரிசையிலேயே சரிந்து விழுந்தார். மேல்வகுப்புப் பொடியன்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். ஹமீது மாஸ்டர் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "காய்ச்சல்காரன் நடந்து வாரான், சுகமா இருக்கிற நீங்க குந்திக்கொண்டு பார்க்கிறீங்க. உங்களுக்குக் கால் இல்லையா?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து கஞ்சிப் பானைகளைக் காவுதடியில் தூக்கிக்கொண்டு பொடியன்கள் வீடு வீடாகப் போனார்கள். அவர் முன்னால் நடந்தார். நானும் கூடப் போனேன்.

நோன்பு மாதம் பிறந்தபோது ஒரு வில்லங்கம் வந்தது. உச்சிப்பொழுதில் கஞ்சியோடு போன வீட்டில், காய்ச்சலில் கிடந்த ஓர் உம்மா தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "நோன்பு, மகன். கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார். போனவன் கற்பிட்டிக் கத்தோலிக்கப் பொடியன், மீன்பிடிக் குடும்பம். நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்று முஸ்லிம் கூட்டாளி சொல்லிக் கொடுத்திருந்ததை வைத்துக்கொண்டு, வாசலில் நின்று வாதாடியிருக்கிறான். திரும்பி வந்து, "நன்றி கெட்ட சனம், சேர்" என்று பொரிந்தான். ஹமீது மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அது எனக்கும் தெரியும் தம்பி. ஆனா அவட வாசல்ல சட்டியோட நிண்டுகொண்டு அதைச் சொல்ல நீ ஆர்? எப்ப கொண்டு வாறது எண்டு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. நாங்கள் ஒருவருமே கேட்டிருக்கவில்லை. அன்று பின்னேரம் அதே பொடியன் அதே வீட்டுக்குப் போய்க் கேட்டான். அதன் பிறகு நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முந்தித்தான் பானைகள் புறப்பட்டன. பாங்கு சொன்னதும் அந்த உம்மா முதல் மிடறு குடித்துவிட்டு, அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுக்கச் சொன்னாராம். அவன் அதை ஒரு வாரம் சொல்லித் திரிந்தான்.

மனேஜருக்கு இது பொறுக்கவில்லை. துரை பார்க்க வந்த நாளில் மைதானம் வெறுமையாகக் கிடந்தது. உடனே பெற்றோரைக் கூட்டி, கிளாக்கர் உத்தியோகத்துக்குப் படிக்க அனுப்பிய பிள்ளைகள் அந்தி நேரத்தில் நுளம்புக்கடியில் கஞ்சி சுமக்கிறார்கள் என்று முறையிட்டார். பெற்றோருக்கும் பயம்தான், அதில் பிழை சொல்ல மாட்டேன். ஹமீது மாஸ்டர் எழும்பினார். "ஓம், கிளாக்கராத்தான் வருவாங்க. நாளைக்குக் கச்சேரிக் கதிரையில இருந்துகொண்டு சனத்தை வெளியில நிப்பாட்டப் போறதும் இவங்கதான். அதுக்கு முந்தி அந்தச் சனத்தின்ட வாசலை ஒருக்காப் பார்க்கட்டும்" என்றார். இதைவிட ஒரு நல்ல பேச்சை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அடுத்த கிழமையே அவரை மேல்வகுப்பிலிருந்து எடுத்துச் சின்ன வகுப்புக்குப் போட்டார்கள். நான் கொதித்தேன். அவர் சிரித்தார். "நல்லதுதானே மாஸ்டர், சின்னதிலேயே தொடங்கலாம்" என்றார். மேல்வகுப்போ அவர் இல்லாமலே பானையைத் தூக்கியது. எங்களைத் தடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. காய்ச்சல் அடங்கிய பிறகும் ஒவ்வொரு மேல்வகுப்பும் கிணறு இறைக்கவும் கூரை வேயவும் போய்க்கொண்டே இருந்தது. போகுமுன் அந்தந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டுத்தான் போனது.

இப்போது அதே மனேஜர், அதே மைதானத்தில், அந்த மனுசனின் பெயரிலேயே வரிசை போடப் போகிறார். பிள்ளைகளை ஒழுங்காக நிற்பாட்டும் பொறுப்பு எனக்காம். முந்தாநாள் மேல்வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். ஹமீது மாஸ்டரிடம் சின்ன வகுப்பில் படித்த பிள்ளைகள் இவர்கள். "சேர், புடவையை எங்களிட்டத் தரச் சொல்லுங்க. நாங்க வீட்டுக்குக் கொண்டு போறம்" என்றார்கள். மனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அப்பிடிக் குடுத்தா ஆர் பார்க்கிறது?" என்று கேட்டார்.

ஒருவரும் பார்க்கத் தேவையில்லை. ஹமீது மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பிடிவாதம் ஒன்றுதான். அதை நான் விடப் போவதில்லை. என்னையும் சின்ன வகுப்புக்கு இறக்கட்டும், வீட்டுக்கே அனுப்பட்டும். நாற்பதாம் நாள் அந்த மைதானத்தில் எங்கள் பிள்ளை ஒன்றுகூட நிற்காது. அவர்கள் கனமூலையில் இருப்பார்கள். மனேஜரும் வரலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புடவை மூட்டையைத் தன் தலையில் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கவும் வேண்டும்.