பூட்டிய வீடும் ஓட்டு டீச்சரும்

கன்னியம்மாள்தான் போனில் சொன்னார். "சார், ஓட்டு டீச்சர் போய்ட்டாங்க சார். காலையில டீ போட்டு வெச்சிருக்காங்க, குடிக்கல." பிறகு அடக்கம் எத்தனை மணிக்கு, பொன்னேரியிலிருந்து எந்த பஸ்ஸில் ஏறினால் நேரத்துக்கு வரலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

கோட்டைக்குப்பத்து அங்கன்வாடியில் வேலை பார்த்த கஸ்தூரியை உங்களில் பலர் ஓட்டு டீச்சர் என்றுதான் அறிவீர்கள். குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுத்து முடித்த பிறகு, வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவதும் அவர் வேலை. யார் புதிதாக வந்தார், யார் இறந்தார், யார் ஊரைவிட்டுப் போனார் என்று பார்த்து எழுத வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் எழுதினார்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு தேர்தல் நாளில். மாவட்டச் செய்தியாளனாக வாக்குச்சாவடிகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் அடையாள அட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர்தான் கன்னியம்மாள். பழவேற்காடு ஏரியில் உட்கார்ந்து நகர்ந்தபடி கையால் தடவி இறால் பிடிப்பவர். இப்படிப் பிடிக்கிறவர்கள் இறாலைப் போடும் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கைக்கும் தண்ணீருக்குள்தான் வேலை. அன்று அந்த வேலையை விட்டுவிட்டு, காட்டூர்ப் பக்கத்துக் கரையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். பட்டியலில் அவர் பெயரின் மேல் 'நீக்கப்பட்டது' என்று இருந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு கட்சிக்காரர் சிரித்தார். "யக்கா, லிஸ்டுல நீ இல்லியே. இன்னா, பேயா வந்துகிறியா?"

"பேயா இருந்தா மொதல்ல ஒன் வூட்டுக்குத்தான் வந்திருப்பேன்" என்றார் கன்னியம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். உதவி மேசையில் இருந்த கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். மூன்று முறையும் பூட்டு. கடைசியில் 'குடிபெயர்ந்தார்' என்று அவரே எழுதியிருக்கிறார். இறால் சீசனில் கன்னியம்மாள் குடும்பத்தோடு எதிர்க்கரைக்குப் போய், கொட்டகை போட்டுத் தங்கியிருந்த மாதம் அது. கஸ்தூரி எழுந்து நின்று, வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "இது நான் செஞ்ச தப்பு. இந்தம்மா எங்கயும் போவல."

அரசாங்க வேலையில் இருக்கும் ஒருவர், யாரும் கேட்காமலே, அப்படிச் சொல்லி நான் கேட்டது குறைவு. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க. அந்தம்மா பேரையும் போடுங்க. லிஸ்டுலதான் இல்ல, பேப்பர்லயாவது இருக்கட்டும்."

எழுதினேன். கஸ்தூரியிடம் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. 'பூட்டியிருந்த வீட்டைக் காலி வீடு என்று நினைத்துவிட்டேன்' என்று ஒரே வரியில் பதில் கொடுத்தார். ஆனால் கன்னியம்மாள் அன்று ஓட்டுப் போடாமல்தான் திரும்பினார். அதற்கு எந்த விளக்கக் கடிதமும் உதவவில்லை.

அதன் பிறகு கஸ்தூரி வேலை செய்யும் முறையே மாறிவிட்டது. வீட்டுக்குப் போவதற்கு முன் கரைக்குப் போகத் தொடங்கினார். ஒருநாள் நானும் கூடப் போனேன். பெண்கள் கரையேறும் நேரத்தைக் கணக்குப் பண்ணி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் நின்றார். பையில் படிவங்களோடு ஒரு சீப்பும் பவுடர் டப்பாவும் இருந்தன. கன்னியம்மாள் கரையேறியதும் இவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திரும்ப எழுதி இன்னா ஆவப்போவுது டீச்சர்? நான் அந்தாண்ட போனதும் திரும்ப அடிச்சிடுவீங்க."

"அடிச்சா என் பேரையும் சேர்த்து அடி. போட்டோ எடுக்கணும், தலைய வாரு."

"இந்தத் தலையோடவா? உப்புத்தண்ணி சொட்டுது!"

"அதுக்குத்தான் சீப்பு கொண்டாந்தேன்."

பின்னால் வெள்ளை வேணும் என்று இரண்டு பெண்கள் ஒரு வேட்டியை விரித்துப் பிடித்தார்கள். கன்னியம்மாள் பவுடர் பூசிக்கொண்டு முறைத்தபடி நின்றார். இன்றும் அவர் அட்டையில் அந்த முறைப்பு இருக்கிறது.

திரும்பும்போது பழவேற்காட்டில் பஸ்ஸுக்காக டச்சுக் கல்லறை மதில் நிழலில் நின்றோம். கஸ்தூரி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எந்த நாட்டுல பொறந்தவனோ, எத்தினி தலைமுறைக்கு முன்னால செத்தவனோ, பேரு கல்லுல அப்படியே இருக்குது பாருங்க. உயிரோட இருக்கறவ பேர நான் ஒரு பேனாக்கோட்டுல எடுத்துட்டேன்."

ரேஷன் கடையில் விரல் ரேகை இயந்திரம் வந்தபோது இன்னொரு சிக்கல் வந்தது. நாளெல்லாம் தண்ணீரில் ஊறிய விரல்களை அது ஏற்கவில்லை. கடைக்காரர், "வேற விரல் வெய்யி, வேற விரல் வெய்யி" என்று பத்து விரலையும் பார்த்துவிட்டுப் பெண்களைத் திருப்பி அனுப்பினார். கஸ்தூரி நான்கு நாள் கடை வாசலில் நின்று பார்த்தார். பிறகு போய்ச் சொன்னார்: "மெஷின் மேலயும் தப்பில்ல, இவங்க மேலயும் தப்பில்ல, நேரத்து மேலதான் தப்பு. தண்ணிக்குப் போறதுக்கு முன்னால வெரலு வேலை செய்யும், வந்த பிறகு செய்யாது. இவங்களுக்குக் காலையில மொதல்ல போடுங்க." கடைக்காரர் கொஞ்சம் முனகினார், பிறகு ஒத்துக்கொண்டார். எல்லோருக்கும் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களுக்குச் சரியானது.

அடுத்த தேர்தலில் கன்னியம்மாள் வரிசையில் முதல் ஆளாக நின்றார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மை வைத்த விரலை கஸ்தூரியின் மூக்குக்கு நேராக நீட்டினார். "பாத்துக்க டீச்சர். பேயி ஓட்டுப் போட்டுடுச்சி." அன்று டீச்சர் சிரித்தார். இருவரும் சேர்ந்து சிரித்ததில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

கஸ்தூரியின் நோட்டை நான் பலமுறை வாங்கிப் படித்திருக்கிறேன். பூட்டிய வீடு என்று வெறுமனே எங்கும் இருக்காது. 'பூட்டு. காட்டூர்க் கரை. அமாவாசை கழித்து வருவார்.' 'பூட்டு. திருப்பாலைவனத்தில் மகள் பிரசவம்.' ஊரே அந்த நோட்டில் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நல்ல செய்தியாளராக ஆகியிருப்பார் என்று ஒருமுறை சொன்னேன். "உங்க பேப்பர்ல தப்பா போட்டா மறுநாள் திருத்திப் போடுவீங்க. எனக்கு அஞ்சு வருசம் ஆவும் சார்" என்றார்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அங்கே போனேன். கஸ்தூரியின் வீடு பூட்டியிருந்தது. அவருடைய இடத்துக்கு வந்திருக்கும் புது டீச்சர் வாசலில் படிவத்தோடு நின்றார். இறந்தவர் பெயரை நீக்க, அதே தொகுதிப் பட்டியலில் பெயர் உள்ள ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். கஸ்தூரியின் ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறார், ஓட்டும் அங்கேதான். யாரைக் கேட்பது என்று புது டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தபோது, கன்னியம்மாள் பறியோடு வந்தார்.

"லிஸ்டுல பேரு இருக்கறவங்க எழுதணுமாமே. என் பேரு இருக்குது. எழுதிக்க."

காரணம் என்ற இடத்தில் புது டீச்சரின் பேனா நின்றது. "வூடு பூட்டிகிதுன்னு எழுதாதம்மா" என்றார் கன்னியம்மாள். "செத்துட்டாங்கன்னே எழுது. நானே கண்ணால பார்த்தேன்." பிறகு கட்டைவிரலை நீட்டினார். "தண்ணிக்குப் போறதுக்கு முன்னாலதான் வந்துகிறேன். ரேகை நல்லா வுழும்."

நன்றாகத்தான் விழுந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வரி உண்டு: 'அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை.' நான் அதை நூற்றுக்கணக்கான முறை எழுதியிருப்பேன். கஸ்தூரியிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது, அந்த வரியை எழுதுவதற்கு முன் இன்னொரு தடவை போய்ப் பார்க்கும் பழக்கம். பெரும்பாலும் ஆள் இருக்கிறார். வீட்டில் இல்லை, கரையில் இருக்கிறார்.