பஞ்சிறகுப் போர்வை

என் வீட்டுக்காரருக்கு வாத்துப் பைத்தியம் பிடித்தது ஒரு தலையணையால். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் விடும் விடுதி ஒன்றில் அவர் மேனேஜராக இருந்தார். ஊருக்குத் திரும்பிய ஒரு அம்மாள் பெட்டியில் இடமில்லை என்று தன் தலையணையை விட்டுவிட்டுப் போனாள். அதில் ஒரு மத்தியானம் தலையை வைத்தார் மனுஷர், அவ்வளவுதான். உள்ளே இருப்பது பஞ்சு இல்லை, கூஸ் வாத்தின் நெஞ்சில் பெரிய இறகுக்கு அடியில் முளைக்கும் மெல்லிய இறகு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்து, தட்டில் சோறு ஆறிப்போவது தெரியாமல் அதையே பேசினார்.

"இலவம்பஞ்சுக்கு இன்னாங்க கொறச்சல்? நம்ம நெலத்து மரத்துலயே வெடிக்குது," என்றேன்.

"அது கட்டி புடிச்சிக்கும். இது அமுக்குனா எழுந்துக்கும் பாரு."

அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டு, வேங்கிக்கால் வாடகை வீட்டையும் காலி செய்துகொண்டு, ஊருக்கு வெளியே எங்கள் ரெண்டு ஏக்கரில் குடியேறினோம். உப்பும் தீப்பெட்டியும் தவிரக் கடையில் எதுவும் வாங்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நெல் எங்களுடையது, மல்லாட்டைக் கடலை ஆட்டிய எண்ணெய் எங்களுடையது, பால், காய்கறி, சீயக்காய் எல்லாம் எங்களுடையது. வாயில் திட்டிக்கொண்டே செய்தாலும் எனக்கும் அந்த வாழ்க்கை பிடித்துத்தான் இருந்தது. கடைக்காரனிடம் பையை நீட்டாமல் ஒரு மாசத்தை ஓட்டிவிட்டால் எனக்கே தலைக்கனம் வந்துவிடும்.

இப்படித்தான் தலையணையும் எங்களுடையதாக வேண்டும் என்று கூஸ் வாத்துகள் வந்தன. சாதாரண வாத்துக்கு அண்ணன் மாதிரி உருவம், பாம்பு மாதிரி சீறல், எந்த நேரமும் ஒரு பஞ்சாயத்து. கிரிவலத்துக்கு வந்து வழிதவறிய ஒரு சாமியாரைத் துரத்திக்கொண்டு ரோடு வரை போயின. என்னை ஒருநாளும் மதித்ததில்லை. அவர் வாத்துக் கொட்டாயைத் திறந்தால் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி சுற்றிச் சூழ்ந்து கதைபேசும். அவரும் பதில் பேசுவார். என்னிடம்கூட அவ்வளவு பேசமாட்டார்.

உயிரோடு பிடித்துப் பிடுங்குகிறவர்கள் உண்டாம். அவர் அதைத் தொடவில்லை. இறகு உதிர்க்கும் காலத்தில் தரையில் விழுந்ததையும், பெட்டை தன் நெஞ்சிலிருந்து பிய்த்து முட்டைக்கு மெத்தை போட்டதில் குஞ்சு இறங்கியபின் மிஞ்சியதையும் பொறுக்குவார். நம் வெயிலில் அந்த இறகு எவ்வளவு தேறும்? ஒரு தலையணைக்கே வருஷம் ஓடியது. எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சிறகு என்று பேர் வைத்தோம்.

சுத்தம் செய்வது என் வேலை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, பழைய கொசுவலைக்குள் போட்டு வாயைக் கட்டி, கொடியில் தொங்கவிட்டு, காயக் காயக் குச்சியால் தட்டவேண்டும். தட்டினால் வெள்ளையாகப் புகை மாதிரி கிளம்பும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். முகத்துக்கு நேராகவே நின்று தட்டினேன்.

இருமல் எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் வறட்டு இருமல், அப்புறம் சாயங்காலமானால் காய்ச்சல் மாதிரி ஒரு முறுக்கல், அப்புறம் கிணற்றிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நடுவில் நிற்க வேண்டிய நிலை. எதிர்ப்பட்ட ஆளுக்கெல்லாம் வாய் கொடுக்கிற நான், பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கி நின்றேன். அதுதான் அவரைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன்.

டவுனில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டார்.

"வீட்ல புறா வளக்கறீங்களா?"

"புறாவா? அந்த சனியன்லாம் இல்லீங்க," என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவரும், "சுத்தமா கெடயாதுங்க," என்று தலையாட்டினார். புறா இல்லை, அது உண்மைதானே. வெளியே வந்து, நம்மைப் பார்த்தால் புறா வளர்க்கிறவர்கள் மாதிரியா இருக்கிறது என்று சிரித்துவேறு தொலைத்தோம்.

டாக்டர் மருந்து கொடுத்தார், உறிஞ்சும் குழாய் கொடுத்தார். கொஞ்சம் கம்மியாகும், திரும்ப ஜாஸ்தியாகும். மார்கழிப் பனிதான் காரணம் என்று இவர் முடிவு கட்டினார். சேர்த்துவைத்திருந்த பஞ்சிறகை எல்லாம் கொட்டி எனக்கு ஒரு போர்வை தைக்க உட்கார்ந்தார். நெருக்கமாக நெய்த துணி வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருந்தார். ஆனால் துணி வாங்கினால் சட்டம் என்னாவது? துவைத்துத் துவைத்து மெலிந்த தன் பழைய வேட்டிகளையே இரட்டையாக மடித்து, கட்டம் கட்டமாகத் தைத்தார். தையல் கோணல்மாணலாகப் போனது. விரலில் ஊசி குத்தாத இடமில்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று அவர் கையால் செய்த பொருள் அது ஒன்றுதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கதகதப்பு நான் கண்டதில்லை. வேட்டி இழை வழியாகத் துளித்துளியாக வெள்ளை வெளியே வரும். ஊதிவிட்டுத் தூங்குவேன். விடிந்தால் இருமல் இன்னும் ஜாஸ்தி. இருமல் ஜாஸ்தியானால் அவர் போர்வையை இன்னும் மேலே, கழுத்துவரை, மூக்குவரை இழுத்துவிடுவார். அப்படி ஒரு அக்கறை.

போளூரில் இருக்கும் என் தங்கை வீட்டில் ஒரு வளைகாப்பு. போன இடத்தில் ஒரு வாரம் தங்கினேன். அங்கே மாடிப்படி ஏறி வடாம் காயவைத்தேன், பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டை போட்டேன், ஒரு இருமல் இல்லை. வீட்டுக்குத் திரும்பினேன், மறுநாளே இருமல்.

"அக்கா, உங்க வூட்லதான் எதுவோ இருக்குது," என்றாள் தங்கை போனில்.

தனியாகவே பஸ் ஏறி டாக்டரிடம் போனேன். "புறா இல்லீங்க. ஆனா கூஸ் வாத்து இருக்குது. அந்த எறகைத்தான் போத்திக்கினு படுக்கறேன்," என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

ஸ்கேனில் நுரையீரலில் தழும்பு தெரிந்தது. இறகுத் தூசி சிலருக்கு மட்டும் இப்படி ஒத்துக்கொள்ளாதாம். விழுந்த தழும்பு போகாது, மேலே விழாமல் வேண்டுமானால் தடுக்கலாம், அதற்கு ஒரு இறகுகூட அந்த வீட்டில் இருக்கக்கூடாது என்றார்.

சொன்னபோது இவர் நம்பவில்லை. "அதே காத்தைத்தானே நானும் இழுக்கறேன்? எனக்கு ஏன் வரல?" என்றார். வாத்துக் கொட்டாயைக் கொல்லைக் கோடிக்கு மாற்றினார். போர்வையை மடித்துப் பரண்மேல் போட்டார். இருமல் போகவில்லை. பிறகு ஒரு காலையில், என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் உங்க தங்கச்சி வூட்டாண்ட இரேன்," என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "வாத்து இங்க இருக்கணும், நான் போவணுமா? நல்லா இருக்குதுய்யா உன் நியாயம்!" அதுவரை அவரை நான் அப்படி ஒருமையில் பேசியதில்லை. மேலே பேச வாய் திறந்தேன், மூச்சு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீரோடு ஓடிவந்தார். அன்றைக்கு அவர் பார்வையிலும் படும்படி எனக்குள் இருந்த சாவு பயம் வெளியே வந்துவிட்டது.

வாத்துகளைக் கொடுத்துவிடுவது என்றானபின், கறிக்குக் கேட்டு வந்தவர்களை எல்லாம் விரட்டினார். கடைசியில் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு சமணக் குடும்பம், ஏரிக்கரையில் தோட்டம் வைத்திருப்பவர்கள், ஒத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பெரியவர், "நாங்க கொல்லவும் மாட்டோம், திங்கவும் மாட்டோம். காவலுக்கு இருக்கட்டுங்க," என்றாராம். குட்டியானை வண்டியில் ஏற்றும்போது அவை போட்ட கூச்சல் எனக்கு வீட்டுக்குள் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். போர்வையையும் தலையணைகளையும் தென்னைமரத்தடியில் ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தார். கொட்டாயைக் கொளுத்தி, வீட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்தார். அந்தக் கொல்லையின் அமைதி எனக்கே தாங்கவில்லை.

இப்போது முன்போல இருமல் இல்லை. கிணற்றிலிருந்து வரும்போது ஒரு இடத்தில் நிற்கிறேன், இனி எப்போதும் நிற்கத்தான் வேண்டும்.

மாசத்தில் சிலநாள், விதை பார்த்து வருகிறேன், மாட்டுத் தரகரைப் பார்த்து வருகிறேன் என்று பைக்கை எடுப்பார். திரும்பியதும் வீட்டுக்குள் வராமல் நேராக மோட்டார் கொட்டகைக்குப் போய், தலையோடு குளித்து, கொடியிலிருக்கும் வேறு துணி மாற்றிக்கொண்டுதான் வருவார். வண்டி திரும்புவது சேத்துப்பட்டு ரோட்டில் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் அப்படித்தான் வந்து, மோருக்குக் கை நீட்டினார். காது மடலுக்குப் பின்னால், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, சின்னதாக ஒரு வெள்ளைப் பஞ்சிறகு. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

"இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க, சீயக்கா நுரை," என்றேன், வேகமாக, இருமல் வருவதற்குள்.

வந்துவிட்டது. அவர் என் மூடிய கையைப் பார்த்தார். மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மோட்டார் ஓடும் சத்தமும், தண்ணீர் விழும் சத்தமும் மறுபடியும் கேட்டன.