பின் சீட்டுக்காக வாங்கிய கார்

எனக்கு வேண்டியிருந்தது இரண்டே இருக்கை கொண்ட சின்ன ஸ்போர்ட்ஸ் கார். சனிக்கிழமை காலை கலிபோர்னியாவின் சரடோகா மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு. வாரத்தில் எனக்கென்று மிஞ்சுவது அந்த ஒரு மணி நேரம்தான். ஒரு முறை வாடகைக்கு எடுத்து ஓட்டியும் பார்த்திருந்தேன்.

"பாப்பா எங்க உக்காருவா?" என்று மனைவி கேட்டாள்.

அதற்குப் பதில், கலிபோர்னியாவிலேயே உள்ள டப்ளின் ஊர் நண்பரிடம் இருந்தது. எங்கள் வட்டத்தில் யார் கார் வாங்கினாலும் அவருடைய எக்செல் ஷீட்டைப் பார்க்காமல் வாங்குவதில்லை. அதில் பெரிய எஞ்சினும் நீண்ட முகப்பும் கொண்ட புது மசில் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் வளைவில் ஒரே மதிப்பெண். மசில் காருக்கு ரீசேல், டிக்கி, பின் இருக்கை ஆகியவற்றில் கூடுதல்.

"வளைவுல தள்ளாடுனது அந்தக் காலத்து மசில் காருடா. இப்ப வர்றது ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும். நாலு சீட்டு வேற," என்றார் நண்பர்.

டெஸ்ட் டிரைவ் எல் கமினோ ரியல் என்ற ஊர்ச் சாலையில். சிக்னலுக்குச் சிக்னல் நேர் ரோடு. நான் திரும்பிய ஒரே திருப்பம் தோசைக் கடையின் பார்க்கிங். அன்று மாலையே மசில் காருக்குக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் சனிக்கிழமையே மலையில் தெரிந்துவிட்டது. நண்பர் சொன்னது பொய்யல்ல. டயர் எங்கும் வழுக்கவில்லை. ஆனால் நீண்ட பானெட் வளைவின் உள்விளிம்பை மறைத்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்பியது; வண்டியின் எடை ஒரு கணம் கழித்து வந்து சேர்ந்தது. சின்ன காரில் சாலையின் பொடிக்கல்கூடக் கைக்குத் தெரிந்தது. இதில் உத்தரவு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பக்கத்து சீட்டில் இருந்த நண்பர் போனில் நேரத்தைக் காட்டினார். வாடகைக் காரில் உச்சிக்குப் போனபோதும் அவர்தான் நேரம் பார்த்திருந்தார்.

"அதே டைம்தான் வருது. அப்புறம் என்ன ப்ராப்ளம் உனக்கு?"

அவருடைய ஷீட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. எனக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை. எரிச்சலோடு இறங்கி வந்தோம்.

பின் இருக்கையாவது பயன்படும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போனேன். அவள் முழங்கால் முன் சீட்டில் முட்டியது. ஜன்னலில் அவளுக்கு வானம் மட்டும் தெரிந்தது. பாதி வழியில் குமட்டுகிறது என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் பையோடு மினிவேன் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"கேன் வீ டேக் அம்மாஸ் கார்?"

மனைவி சாவியை நீட்டினாள். இப்போது என் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து வருவது என் லேப்டாப் பை.