ஏழாவது அணுகுண்டு

பிள்ளைகள் சத்தம் போட்டால் எனக்குக் கவலை இல்லை. சத்தம் நின்றால்தான் எழுந்து போய்ப் பார்ப்பேன். தீபாவளி முடிந்த வாரத்தில், சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் அடங்கிப்போய்விடும். ஆறாம் வகுப்புப் பேத்தியும் மூன்றாம் வகுப்புப் பேரனும் பள்ளிக்கூடப் பையைப் போட்ட கையோடு அங்கே போய்விடுவார்கள். டிவி கேட்பதில்லை. இருட்டும்வரை ஒரு சண்டைகூட இல்லை. அது நல்லதற்கில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் செய்வது எனக்குத் தெரியும். தெருவில் வெடிக்காமல் கிடக்கிற வெடிகளைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிப் பற்றவைப்பார்கள். அடுத்த தெருப் பையனுக்குக் கருகிய புருவம் இன்னும் முளைக்கவில்லை.

ஒருநாள் காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். நமுத்த அணுகுண்டுகள் ஏழு. எல்லாவற்றிலும் மேலே சுற்றிய பச்சைச் சணல் பாதி பிரிந்திருந்தது. அச்சகத்தில் வெடி லேபிள் எண்ணிக் கட்டுப் போட்டவன் நான், எண்ணிக்கை தவறாது. அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியில் குச்சிகளை எண்ணினேன். மறுநாள் காலையில் மறுபடி எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் தீப்பெட்டி வெளியிலிருந்து வருகிறது.

மருமகள் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடைக்கிறவள். வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். "சும்மா இருங்க மாமா. அதுக அணில் பாக்குதுக" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அணில் பார்க்க அணுகுண்டு எதற்கு?

அடுத்த நாள் சாயங்காலம் வாளி நிறையத் தண்ணீரோடு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கையும் களவுமாகப் பிடித்தால்தான் மறுபடி செய்ய மாட்டார்கள். இருவரும் வந்தார்கள். பேரன் ஒரு வெடியை எடுத்துச் சுவரடியில் வைத்து, சணல் நுனியை நகத்தால் நெம்பிவிட்டான். பேத்தி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். திரியில் தீ வைத்தவர்கள்தான் அப்படிப் பின்வாங்குவார்கள். முழங்கால் இடங்கொடுத்த அளவுக்கு வாளியோடு பாய்ந்தேன்.

"ஊத்திராதீக தாத்தா," என்றாள் பேத்தி, குரலை உயர்த்தாமல். "அது வாரதப் பாருங்க."

மோட்டார் குழாய்க்காகச் சுவரில் விட்ட ஓட்டையிலிருந்து ஓர் அணில் தலைகீழாக இறங்கியது. சணல் நுனியைக் கவ்விக்கொண்டு மேலே ஏறியது. கீழே வெடி உருண்டு உருண்டு பிரிந்தது. ஓட்டைக்குள் குட்டிகள் கீச்சிட்டன. முதலில் கொல்லையில் தானாக வந்து விழுந்த ஒரு வெடியில் அது நூல் உருவியதைப் பார்த்திருக்கிறார்கள். மற்றவை இவர்கள் தெருவில் பொறுக்கி வந்த உபயம்.

"ஏலே, மருந்தத் தொட்டியா?"

"நூலு மட்டுந்தான் தாத்தா. கூட்டுக்கு இன்னும் வேணும்ல?" என்றான் பேரன்.

நான்கு கைகளையும் விரித்து முகர்ந்தேன். கொய்யா வாசம். இருந்தாலும் விடவில்லை. ஆறு வெடிகளை எண்ணி வாளித் தண்ணீரில் அமுக்கினேன். ஏழாவதின் சணல் ஓட்டைக்குள் இருந்தது. இழுத்தால் கூடும் சேர்ந்து வரும். "அத மட்டும் விட்ருங்க தாத்தா" என்ற பேரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. விட முடியுமா? ஏழில் ஒன்று உள்ளே காய்ந்திருந்தால் போதும், ஒரு கை போக. வாளியைச் சுவரடிக்கு நகர்த்தி, சணல் அறாமல் ஏழாவதையும் மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினேன். தண்ணீரிலிருந்து ஓட்டை வரைக்கும் பச்சை நூல் நின்றது. நாங்கள் தள்ளிப்போய் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அணில் வந்து வாளி விளிம்பில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. அப்புறம் நனைந்த நூலையே இழுக்க ஆரம்பித்தது.

இப்போது பழைய கோணியைப் பிரித்து நானே நூல் போடுகிறேன். சாயங்காலம் மூன்று பேராக உட்காருகிறோம். குட்டிகள் மூன்று என்கிறான் பேரன். நான் இரண்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

நேற்று அவன் கால்சட்டைப் பை புடைத்திருந்தது. திருப்பிக் காட்டச் சொன்னேன். பாதி கடித்த கொய்யா, அணிலுக்காம். அடுத்த பையையும் காட்டச் சொன்னேன்.